பன்னிரண்டாம் தூணுக்கு நான்கு விரல் இப்பால்

1

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பெருநோன்பின் இரண்டாம் வாரம். பழைய கெய்ரோவில், தெருமட்டத்துக்குப் பதினான்கு படிகள் கீழே இருக்கும் தமியானா அம்மையார் தேவாலயத்துக்குள், ஓய்வுபெற்ற பொறியாளர் இன்சாஃப் வஹ்பா, வயது அறுபத்து நான்கு, முப்பது மீட்டர் அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்தத் தேவாலயத்தின் பழைய வரைபடத் தொகுதி மறு அச்சுக்குப் போகிறது. அதன் ஏழாம் தாளின் ஓரத்தில், முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அவரே மையால் எழுதிய ஒரு வாக்கியம் இருக்கிறது. ஒரு மனிதரின் வேலையைப் பறித்த வாக்கியம் அது. அது அங்கே இருக்கலாமா, கூடாதா என்பதை வியாழன் நண்பகலுக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

இதுவரை தகவல். இனி, இந்தக் கதை என் கைக்கு வந்த விதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஷுப்ராவில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் இன்சாஃப் எனக்கு மேல்மாடி. அன்று மாலை உப்புக் கேட்டு வந்தார். அமர்ந்தார். அதுவரை நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை வரிசை பிசகாமல் சொன்னார். உப்பை வாங்காமலே எழுந்தார்.

"இதை எழுதிடாதீங்க" என்றார் வாசலில்.

மறுநாள் காலை மறுபடியும் வந்தார். "எழுதறதா இருந்தா அளவையெல்லாம் சரியா எழுதுங்க. நீங்க மனசு இளகினா எண்ணைக் கோட்டை விட்டுடுவீங்க."

இரண்டு கட்டளைகள் முரண்பட்டால் பிந்தியதே செல்லும். ஆகவே எழுதுகிறேன்.

(தேவாலயத்தை இந்தப் பெயரில் தேட வேண்டாம். பெயரை மாற்றியிருக்கிறேன். படிகளின் எண்ணிக்கையை மாற்றவில்லை.)

2

தொடக்கம் பற்றி. நான் மூன்று எழுதினேன்.

முதலாவது: "ஆயிரம் ஆண்டுகளின் சாம்பிராணிப் புகை மண்டிக் கிடந்த அந்த இருளில்…" நீக்கினேன். காலையில் போட்ட சாம்பிராணி முற்பகலுக்குள் அடங்கிவிடும். பிறகு அங்கே மணப்பது ஈரக் கல், மெழுகு, திருவப்பம் சுடும் அடுப்பின் சாம்பல், இம்மூன்று மட்டுமே. இருளும் இல்லை. கூரைக்கு அடியிலுள்ள சிறு சாளரங்களிலிருந்து விழும் ஒளி தரைக்கு வந்து சேர்வதற்குள் தேனின் நிறம் கொண்டுவிடுகிறது. அவ்வளவே.

இரண்டாவது: "கவிழ்த்து வைத்த கப்பல் போன்ற மரக்கூரையின் கீழ், பன்னிரு சீடர்களைப் போலப் பன்னிரண்டு தூண்கள்…" இதில் பாதியை ஏற்கிறேன். கூரை கப்பலைப் போன்றதுதான். கட்டியவர் நோவாவின் கப்பலை எண்ணியே கட்டினார் என்பார்கள். ஆனால் தூண்கள் சீடர்களைப் 'போல' நிற்கவில்லை. அங்கே கும்பிட வருகிறவர்களுக்கு அவை சீடர்களேதாம். பதினொன்று வெண்பளிங்கு, ஒவ்வொன்றிலும் மார்பளவு உயரத்தில் ஒரு சிலுவை, தொட்டுத் தொட்டுத் தேய்ந்து மின்னுவது. பன்னிரண்டாவது, பெண்கள் நிற்கும் பக்கத்தில், தெற்கு வாசலிலிருந்து மூன்றாவதாக நிற்பது, கருஞ்சிவப்புக் கல். சிலுவை இல்லை. தலைப்பகுதியில் செதுக்கிய இலைகள் இல்லை. அது யூதாஸின் தூண்.

மூன்றாவது தொடக்கத்தையே இந்தப் பக்கத்தின் தலையில் வைத்திருக்கிறேன். தேதியில் யாரும் பொய் சொல்ல முடியாது என்று நம்புகிற வயது எனக்கு.

3

1983ஆம் ஆண்டு, பிப்ரவரி. இன்சாஃபுக்கு இருபத்தெட்டு வயது. அலெக்சாந்திரியாவில் கன்னியர் பள்ளியில் படித்தவர்; வீட்டில் பிரெஞ்சு, வெளியில் அரபு, கோயிலில் மௌனம். பழங்கட்டடங்களை அளந்து வரையும் அவருடைய அலுவலகம் அவரைத் தேவாலயத்தை அளக்க அனுப்பியது. உடன் வந்தவர் பெபாவி சித்ஹோம், முப்பத்தொரு வயது, தெற்கே நைல் கரையில் கரும்பு விளையும் ஊர்க்காரர். வேலை: நாடாவின் பூஜ்ய முனையைப் பிடிப்பது.

அளப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் பூஜ்யத்தைக் கல்லில் அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்பார். மற்றவர் நாடாவை இழுத்துக்கொண்டு சுவர்வரை போய் எண்ணைப் படிப்பார். படிப்பவரின் கண் எண்ணில் இருக்கும். பூஜ்யத்தைப் பிடித்திருப்பவருக்கு வேறு பார்வை வேலை இல்லை. அவர் எதிர்முனையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இப்படிப் பதினொரு வாரம் நடந்தது.

"டேப்பைத் தொங்க விடாதீங்க பெபாவி. தெற்கத்திக்காரங்க கையில குடுத்தா கழுதை கட்டற கயிறுன்னு நெனச்சுக்கறீங்க."

"எங்க ஊர்ல கட்டின கழுதை கட்டின எடத்துல நிக்கும், இஞ்சினியரம்மா. உங்க ஊர்ல கழுதையும் போகும், கயிறும் போகும்."

"பேச்சைக் குறைங்க. தொட்டாச்சா?"

"தொட்டாச்சு."

இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் ஒரு நாளைக்கு எண்பது முறை. உச்சிப்பொழுதில் பெபாவி தெருவிலிருந்து தாமியா வடை வாங்கி வருவார். எள் ஒட்டிய வடைகளைப் பொறுக்கி இன்சாஃபின் பக்கம் தள்ளிவிட்டு, எள் இல்லாதவற்றைத் தாம் தின்பார். இன்சாஃப் அதை அப்போது கவனித்தாரா என்று கேட்டேன்.

"எள்ளு இருந்துச்சு. தின்னேன்" என்றார்.

அலுவலகத்தில் வரைபடம் எழுந்தது. ஒரு தூணின் இடத்தைத் தாளில் குறிக்க, சுவரிலுள்ள மூன்று புள்ளிகளிலிருந்து மூன்று தொலைவுகள் வேண்டும். காம்பஸால் மூன்று வளைகோடுகள் போட்டால் அவை ஒரே புள்ளியில் கூட வேண்டும். பதினொரு தூண்களுக்கும் கூடின. பன்னிரண்டாவதற்குக் கூடவில்லை. மூன்று கோடுகளுக்கும் நடுவில் ஓர் எள்ளளவு வெற்று முக்கோணம் நின்றது.

மீண்டும் அளந்தார்கள். அதே முக்கோணம். மூன்றாம் முறை, நாடாவை இழுத்துக்கொண்டு தெற்குச் சுவருக்குப் போன இன்சாஃப் குனிந்தபடியே கேட்டார்.

"தொட்டாச்சா?"

"படிங்க, இஞ்சினியரம்மா."

"நாலு முப்பத்தொண்ணு. மூணு தடவையும் ஒரே தப்பு! தூங்கிக்கிட்டே பிடிக்கிறீங்களா?"

"இந்த எண்ணுதான் வரும்."

"ஏன் வரும்?"

பெபாவி நாடாவைச் சுற்றத் தொடங்கினார். இன்சாஃப் அலுவலகத்துக்குப் போய் ஏழாம் தாளின் ஓரத்தில் எழுதினார்: "12ஆம் தூணின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல, நாடா பிடித்தவரின் கவனக்குறைவு."

ஜூன் மாதம் பெபாவியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இலையுதிர்காலத்தில் அண்ணன் அழைத்தாரென்று மெல்போர்னுக்குப் போனார். போகுமுன் அலுவலகத்துக்கு வந்து, நாடாவை மேசைமேல் வைத்தார்.

"தொடச்சு, காய வெச்சு, சுத்தியிருக்கேன்."

"அங்க வையுங்க" என்றார் இன்சாஃப். தலையை நிமிர்த்தவில்லை.

4

இங்கே ஓர் இடைநிறுத்தம் தேவைப்படுகிறது. என் பாத்திரத்தை எனக்கே நம்பக் கடினமாக இருக்கிறது.

கவனக்குறைவு ஒரே எண்ணை மூன்று முறை தராது. சோம்பேறியின் நாடா ஒருநாள் முப்பத்தொன்று காட்டும், மறுநாள் இருபத்தாறு காட்டும். பிழை பிசகாமல் திரும்பி வந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளியில் கணக்குக் கற்ற எவருக்கும் தெரியக்கூடிய இந்த விஷயம், பதக்கம் வாங்கிய பொறியாளருக்கு எப்படித் தெரியாமற்போனது?

இந்த இடத்தில் அவருக்குச் சாதகமாக மூன்று வாக்கியங்கள் எழுதினேன். ("வயது அப்படி", "மேலதிகாரிகளின் நெருக்கடி", "பெண் பொறியாளர் என்பதால் பிழைக்கு இடமில்லாத…") மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றும் உண்மை, மூன்றும் சாக்கு. படியிறங்கி வந்த அவரிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன் யோசிக்கலைன்னு கேக்கறீங்களா? தெற்கத்திக்காரர் தப்பு செஞ்சார்னு சொன்னா யோசிக்க வேண்டியதில்ல, அதான்."

"அவராவது வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்." பிறகு, "அவருக்குத் தெரியும், நான் சிரிப்பேன்னு" என்றார்.

இந்தப் பதிலை நான் திருத்தவில்லை.

5

மீண்டும் செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணி இருபது நிமிடம். பழைய வாக்கியத்தை மறு அச்சுக்கு விடுமுன் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும் என்பதே இன்சாஃபின் நோக்கம். மன்னிப்பு, நினைவு முதலிய சொற்கள் அவர் மனத்தில் இருந்தனவா என்பது எனக்குத் தெரியாது. பெபாவி சுற்றி வைத்துப் போன அதே நாடாவை ஏன் எடுத்துப் போனார் என்று கேட்டதற்கு, "வேற டேப் இல்ல" என்றார். (அவரிடம் வேறு இரண்டு நாடாக்கள் உள்ளன. ஒன்றை நான் இரவல் வாங்கியிருக்கிறேன்.)

தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற மகாரின் அம்மா துடைப்பத்தோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"என்ன இஞ்சினியரம்மா, சுவர் நகர்ந்து போயிடுச்சான்னு பாக்க வந்தீங்களா?"

"இந்த முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும் மகாரம்மா."

"பிடிச்சாப் போச்சு. நோன்புல வாய்க்குத்தான் வேலையில்ல. கைக்காவது இருக்கட்டும்."

இருவரும் வடக்கிலிருந்து தொடங்கினார்கள். பலிபீடத்தை மறைக்கும், யானைத் தந்தம் பதித்த கருங்காலித் திரையின் முன்னால் மகாரின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். விட்டத்திலிருந்து தொங்கும் தீக்கோழி முட்டைகளின் அடியில் நாடா வெள்ளைக் கோடாக நீண்டது. பதினொரு தூண்களும் பழைய குறிப்பேட்டோடு ஒத்துப்போயின. இன்சாஃபுக்கு ஒரு கசப்பான நிம்மதி: நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன். பிறகு பன்னிரண்டாவது.

எண் எங்கேயோ தொலைவில் போய் நிற்கும் என்று அவர் எதிர்பார்த்தார். குனிந்து படித்தார். நான்கு மீட்டர் முப்பத்திரண்டு.

குறிப்பேட்டில், அன்று அவர் படிக்கக் கேட்டு எழுதிய பெபாவியின் கையெழுத்தில்: 4.31.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, வேறொருவர் கையில், ஒரே ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டில், அந்தப் 'பிழை' திரும்பி வந்திருந்தது. அப்போதுதான் இன்சாஃப் வாழ்க்கையில் முதன்முறையாக எண்ணிலிருந்து தலையை நிமிர்த்தி, பூஜ்யத்தைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார்.

மகாரின் அம்மா வலக்கையால் நாடாவின் முனையைப் பிடித்திருந்தார். முனைக்கும் தூணுக்கும் நடுவே இடக்கையின் நான்கு விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வைத்திருந்தார். விரலுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு தாள் நுழையலாம்.

"ஏன் தள்ளிப் பிடிக்கறீங்க?"

"பின்ன, தொடவா சொல்றீங்க? நல்லாயிருக்கே! யூதாஸ் தூணும்மா. அதைத் தொட்ட கை, கூட நிக்கறவங்களைக் கைவிட்டுடும். எனக்குன்னு ஒரு தூங்குமூஞ்சிப் புருஷன் இருக்காரு. தூங்கட்டும், ஆனா என் வீட்ல தூங்கட்டும்."

"நாலு விரல் எதுக்கு?"

"அது வழக்கம். கல்யாணப் பொண்ணை இந்தப் பக்கமாக் கூட்டிக்கிட்டு வரும்போது, மாமியார் நாலு விரலை நடுவுல வெச்சுத்தான் தாண்ட வைப்பாங்க. தெற்கேயும் இப்படித்தான். உங்க அலெக்சாந்திரியாவுல ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"அப்ப யாருமே தொடறதில்லையா?"

"ஆளில்லாதவங்க தொடலாம். அவங்க யாரைக் கைவிடப் போறாங்க?" மகாரின் அம்மா நாடாவை ஆட்டினார். "படிச்சாச்சா, விடலாமா? கை வலிக்குது."

இன்சாஃப் விடச் சொல்லவில்லை. படித்த எண்ணையே மறுபடியும் படித்துக்கொண்டிருந்தார்.

6

அன்று பிற்பகல் அவர் தம் சாப்பாட்டு மேசையில் ஏழாம் தாளை விரித்து, காம்பஸை எடுத்தார். செய்தது மிக எளிய காரியம். மூன்று தொலைவுகளையும் சமமாகச் சிறிது சிறிதாகக் கூட்டினார். ஐந்து சென்டிமீட்டர் கூட்டியபோது முக்கோணம் சுருங்கியது. ஏழில் ஊசிமுனையானது. எட்டில் மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் கூடின.

எட்டு சென்டிமீட்டர். முப்பத்தாறு ஆண்டுகளாக அந்தத் தாளுக்குள் இருந்தது ஒரு பிழையன்று. ஓர் ஆணின் நான்கு விரல்களின் அகலம்.

(இங்கே "கண்ணீர்" என்று ஒரு சொல் எழுதப்பட்டு நீக்கப்பட்டது. இன்சாஃப் அழுததாகச் சொல்லவில்லை. தம் நான்கு விரல்களை அளந்ததாகச் சொன்னார்: ஆறரை. பிறகு அளவுகோலில் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்டேன். அடுப்பில் வைத்த பயறு கரிந்து போகும் அளவுக்கு என்றார். உப்புக் கேட்டு வந்தது அதன் பிறகு.)

ஆளில்லாதவங்க தொடலாம். பெபாவிக்கு அப்போது மணமாகவில்லை. தாய் தந்தை இல்லை. அண்ணன் கடலுக்கு அப்பால். வழக்கத்தின்படி அவர் தாராளமாகத் தொட்டிருக்கலாம். மூன்று முறையும் தொடவில்லை. அந்தப் பதினொரு வாரமும் அவருடன் நின்றிருந்தவர் ஒருவரே. அந்த ஒருவர் குனிந்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்.

இது அளவுக்கு மீறிப் பொருந்துகிறது என்று வாசகர் ஐயுறக்கூடும். நானும் ஐயுற்றேன். வியாழக்கிழமைக்குப் பிறகு ஒருநாள் நானே பதினான்கு படி இறங்கி மகாரின் அம்மாவைக் கேட்டேன். அதையே சொன்னார், கூடவே, எனக்கு ஆள் உண்டா என்றும் கேட்டார். அந்த உரையாடல் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

7

புதன்கிழமை காலை அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், நாலு முப்பத்தொன்பதுன்னு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கீங்க. கணக்கு வேண்டாம். அளந்த எண்ணு வேணும். ஒரு தூணைத் தொட்டு அளக்கறதுல என்ன மேடம் கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்ல" என்றார் இன்சாஃப்.

பத்து மணிக்கு மறுபடியும் இறங்கினார். இம்முறை இடம் மாறினார்கள். மகாரின் அம்மா நாடாவின் மறுபக்கத்தைத் தெற்குச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார். இன்சாஃப், வாழ்க்கையில் முதன்முறையாக, பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாம் தூணின் எதிரில் நின்றார்.

அவ்வளவு அருகில் அது வேறொரு கல்லாக இருந்தது. கருஞ்சிவப்பினுள் சாம்பல்நிறப் புள்ளிகள், கடுகு தூவியதுபோல். மற்றப் பதினொன்றும் கைபட்டுக் கைபட்டுப் பளபளக்க, இது மட்டும் கொத்தனின் உளிவாய் பட்ட அன்று இருந்தபடியே சொரசொரப்பாக இருந்தது. எழுநூறோ எண்ணூறோ ஆண்டுகளாக, வெயில்கூடத் தொடாத கல். நிமிர்ந்து பார்த்தார். பூஜ்யத்தைப் பிடித்திருப்பவருக்கு என்ன தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது: நாடாவின் நேர்கோடு, அதன் மறுமுனையில், சுவரோரம், குனிந்த ஒரு தலை. நிமிர்ந்து பார்க்கும் என்று காத்திருக்கத் தோன்றும் தலை.

"தொட்டாச்சா இஞ்சினியரம்மா?" என்றார் மகாரின் அம்மா, குனிந்தபடியே. பிறகு, நல்லெண்ணத்தோடு: "உங்களுக்கென்ன, நீங்க தொடலாமே!"

8

மாற்று முடிவுகள் பற்றி.

முதலாவதில், அவர் தொடுகிறார். கல் குளிர்ந்திருக்கிறது. எதுவும் நடப்பதில்லை. எண் 4.39. அலுவலகம் மகிழ்கிறது. அறிவுக்கு உகந்த முடிவு. நான் எழுதிய மூன்றில் மிகவும் ஒழுங்கானதும் இதுவே. 

இரண்டாவதில், "படிகளில் யாரோ இறங்கும் ஓசை கேட்டது. பதினோராம் படி. பன்னிரண்டாம் படி. இன்சாஃப் திரும்பாமலே, அந்த நடையை…" இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஒரு முதியவரை மெல்போர்னிலிருந்து கெய்ரோவுக்குக் கொண்டுவர எனக்கு இன்னும் நான்கு சொற்கள் போதும். அந்த நான்கு சொற்களையும் ஒரு நாள் முழுவதும் கையில் வைத்திருந்தேன். வரிசை தவறாத கதை சொல்பவர்களுக்கும் ஆசை உண்டு. ஆனால் அவர் வரவில்லை. வராதவரை வந்ததாக எழுதுவதும், தொடாததைத் தொட்டதாக எழுதுவதும் ஒன்றே.

மூன்றாவது, தொலைபேசி. பெபாவி உயிருடன் இருக்கிறார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பியின் மகள் ஷுப்ராவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள்; புதன் மாலை அவளிடமிருந்து இன்சாஃப் எண்ணை வாங்கினார். வாங்கியதை நான் பார்த்தேன், அங்கே இருமல் மருந்துக்காக நின்றிருந்தேன். அந்த எண் இப்போது ஏழாம் தாளின் நகலின் பின்புறம், பென்சிலால், அழுத்தம் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. கெய்ரோவில் வியாழன் காலை பதினொன்றே முக்கால் என்றால் மெல்போர்னில் இரவு எட்டே முக்கால். ஒருவர் உணவை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கக்கூடிய நேரம்.

மணி அடித்ததா, யார் எடுத்தார், எடுத்தவரிடம் "தொட்டாச்சா?" என்று கேட்க ஒருவருக்குத் துணிவு வந்ததா என்பதை நான் எழுதப்போவதில்லை. இது தெரியாமையன்று, மறுப்பு. இந்தப் பகுதியின் எஞ்சிய இடம் வாசகருடையது. எழுதுபவர்கள் அளவைச் சரியாக எழுதவும்.

9

முடிவானவை:

ஏழாம் தாளின் ஓரத்திலிருந்த பழைய வாக்கியம் நீக்கப்பட்டது. அந்த இடத்தில், இன்சாஃப் வஹ்பாவின் கையெழுத்தில், பின்வருமாறு எழுதப்பட்டது: "12ஆம் தூணின் மூன்று அளவுகளும் தூணுக்கு நான்கு விரல் இப்பால் பிடித்து எடுக்கப்பட்டவை. விரல்களின் அகலம் எட்டு சென்டிமீட்டர். அளவுகள் நம்பத்தக்கவை. நாடா பிடித்தவர்: பெபாவி சித்ஹோம்." எள்ளளவு முக்கோணம் இருந்தபடியே அச்சாகும். அளந்த எண் இல்லையே என்று அலுவலகம் எழுப்பிய வினாவுக்கு, இந்தத் தேவாலயத்தில் அதை அளக்கக்கூடியவர் யாரும் இல்லை என்று எழுத்தில் விடையளிக்கப்பட்டது. தாள், மார்ச் 14, வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணி பத்து நிமிடத்துக்கு ஒப்படைக்கப்பட்டது.

இன்சாஃப் தூணைத் தொடவில்லை.